கஷ்டம் முடியுற மாதிரியே தெரியல, விசுவாசத்த எப்படிப் புடிச்சிட்டு இருக்கீங்க?

தேடும்மனசு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பதான் எழுதுறேன். மனைவிக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல, வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ், ஒரு தடவ படுத்தா நாலு மணி நேரம், கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றதுலயே லீவு எல்லாம் தீந்து கடைசில எனக்கு வேலையும் போயிடுச்சு. இதெல்லாம் ஏன் எனக்கு நடக்குதுன்னு கேக்க வரல. கேட்டு கேட்டு அலுத்துப் போச்சு.

என் பிரச்சனை வேற. ஜெபம் பண்ண முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. ஆண்டவர் இருக்காருன்னு இன்னும் நம்புறேன், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அவர்கிட்ட பேச என்கிட்ட ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. சர்ச்ல ஒருத்தர் என் மனைவி முகத்துக்கு நேராவே "உங்க வீட்ல விசுவாசம் இருந்திருந்தா இந்நேரம் சுகம் கிடைச்சிருக்கும்"னு சொல்லிட்டாரு. அன்னையில இருந்து அவ சர்ச்சுக்கு வரமாட்டேங்குறா, வீட்லயும் பேச்சு கொறஞ்சு போச்சு. இப்படி வருஷக்கணக்கா போற கஷ்டத்துல இருந்தவங்க யாராவது எப்படித் தாக்குப்பிடிச்சீங்கன்னு சொல்லுங்க. வெறும் வசனம் மட்டும் அனுப்பாதீங்க ப்ளீஸ், உங்களுக்கு நல்லதுதான் நினைக்கிறேன்னு கர்த்தர் சொல்ற எரேமியா 29:11 தினமும் போனுக்கு வந்துட்டுதான் இருக்கு.

ஜெயக்கொடி:

பிரதர் உங்களுக்காக இப்பவே ஜெபிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், வாயில இருந்து நெகட்டிவா ஒண்ணும் வரவிடாதீங்க. "முடியல", "வார்த்தை வரல"ன்னு சொல்லிட்டே இருந்தா மனசு அதையே புடிச்சிக்கும். பவுலும் சீலாவும் அடி வாங்கி கால் தொழுமரத்துல மாட்டியிருக்கும்போது நடுராத்திரியில பாடினாங்க, அப்போஸ்தலர் 16ல இருக்கு. நான் ஆபரேஷன் ஆகி படுத்திருந்தப்ப துதிச்சிட்டே இருந்தேன், அதுதான் என்னை எழுப்பி உக்கார வச்சுது. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கன்னு வேதமே சொல்லுது. துதிச்சிப் பாருங்க, பாரம் இறங்கும்.

பழையஏற்பாடு:

ஜெயக்கொடி பிரதர், நீங்க அன்பாத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா அந்த நடுராத்திரியில பாடின அதே பவுல்தான் 2 கொரிந்தியர் 1:8ல ஆசியாவுல தாங்கமுடியாத பாரம் வந்து பிழைப்போம்ங்குற நம்பிக்கையே போயிடுச்சுன்னு எழுதுறாரு. ஒரு சபைக்கு, எல்லாருக்கும் முன்னாடி வாசிக்கப்போற கடிதத்துல எழுதுறாரு. அது நெகட்டிவ் பேச்சுன்னா அதை நாம வேதத்துல இருந்து எடுத்துரணும்.

தேடும்மனசு, நீங்க எரேமியா 29:11 வேண்டாம்னு சொன்னது புரியுது, ஆனா அந்த வசனத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்குன்னு பார்த்தா அது உங்க பக்கம் நிக்கிற வசனம்னு தெரியும், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அது பாபிலோனுக்குப் புடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதுக்கு முந்தின அதிகாரம் 28ஐ படிங்க, அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றான், எல்லாரும் கேக்க ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும், கர்த்தர் நுகத்தை ஒடிச்சிட்டாருன்னு சொல்றான். கேக்க எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ஆனா கர்த்தர் அவனை நான் அனுப்பவே இல்லன்னு சொல்லிட்டாரு. அப்புறம் எரேமியா எழுதுற கடிதத்துல எழுபது வருஷம்னு இருக்கு. எழுபது! அந்தக் கடிதத்தைக் கையில வாங்கின பெரியவங்கள்ல முக்காவாசிப் பேரு திரும்பிப் போகப்போறதில்ல, அங்கேயே செத்துப்போவாங்க. அவங்களைப் பார்த்துதான் உங்கமேல நான் வச்சிருக்கிறது சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு சொல்றாரு. அதுக்கு முன்னாடி என்ன செய்யச் சொல்றாரு தெரியுமா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்குற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க. கஷ்டம் முடியுறதுக்காகக் காத்துட்டு இருக்காதீங்க, அதுக்குள்ளயே வாழுங்கன்னு அர்த்தம். சீக்கிரம் சரியாயிடும்னு சொன்னவன்தான் அங்க பொய் தீர்க்கதரிசி.

ஜெபம் வரலன்னு சொன்னீங்களே, 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். 13வது சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு ஆரம்பிக்குது. பெரும்பாலான புலம்பல் சங்கீதம் கடைசில துதிக்குத் திரும்பிடும், ஆனா 88 திரும்பாது. சிநேகிதங்களையும் என்னைவிட்டு தூரமாக்கிட்டீருன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடும், ஒரு நம்பிக்கை வரி கூட கடைசில இல்ல. ஆனா அந்த ஆள் அவ்வளவையும் யாரைப் பார்த்துச் சொல்றான்? முதல் வரியிலயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிடுறான். கோவம், அழுகை எல்லாம் அவர் முகத்துக்கு நேரா. முதுகைக் காட்டிட்டுப் போகல. என்னைப் பொறுத்தவரை விசுவாசம்னா அதுதான். அதைச் சங்கீத புத்தகத்துல சேர்த்து ஆலயத்துல பாட வச்சிருக்காங்கன்னா தேவனுக்கு அந்த ஜெபம் வேணும்னுதானே.

ஜெயக்கொடி:

அனனியா விஷயம் நான் யோசிச்சதில்ல பிரதர், படிக்கிறேன். ஆனா ஒண்ணு, புலம்பல்லயே உக்காந்துரக் கூடாது இல்லையா. நான் துதின்னு சொன்னது நடிக்கிறதை இல்ல. வலியோட பாடுறதைத்தான் சொன்னேன்.

பழையஏற்பாடு:

அப்படின்னா நமக்குள்ள பெரிய வித்தியாசம் இல்ல பிரதர். ஆபகூக் 3:17 அத்திமரம் துளிர்க்கல, திராட்சச் செடியில பழம் இல்ல, வயல் விளையல, தொழுவத்துல மாடு இல்லன்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டு அப்புறமாத்தான் ஆனாலும் மகிழுவேன்னு வருது. எண்ணாம நேரா மகிழுவேன்னு போனா அந்த ஆனாலுமுக்கு வேலை இல்ல. எண்ணுறதுக்கு ஒருத்தருக்கு ஒரு நாள் போதும், இன்னொருத்தருக்கு வருஷம் ஆகும், அதை வெளியில இருந்து நாம அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

அண்ணா நான் டயாலிசிஸ் யூனிட்ல வேலை பார்த்திருக்கேன் அதனால கொஞ்சம் வேற பக்கத்துல இருந்து சொல்றேன். அண்ணி பேச்சு கொறஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதை சர்ச்ல அவர் சொன்னதோட மட்டும் முடிச்சிராதீங்க. கிட்னி பேஷண்ட்ஸ்ல டிப்ரஷன் ரொம்ப சகஜம். இரத்தம் கொறஞ்சிருந்தாலும், தூக்கம் இல்லன்னாலும், டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற அந்த சோர்வுலயும் ஆள் அப்படியே சுருங்கிடுவாங்க. அடுத்த தடவ போகும்போது டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, பசி எப்படி, தூக்கம் எப்படி, வாழ்ந்து என்னன்னு ஏதாவது சொல்றாங்களான்னு. அப்படி ஏதாவது வாயில வந்தா காத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கே சொல்லணும். இதுக்கு மருந்து இருக்கு, கவுன்சிலிங் இருக்கு. மருந்து எடுத்தா விசுவாசம் கம்மின்னு சொல்றவங்களை தயவுசெஞ்சு வாசலோட அனுப்பிருங்க.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில அக்கினி இறங்கினதைப் பார்த்த மனுஷன் அடுத்தாப்புல வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் உயிரை எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு. அதுக்கு ஆண்டவர் ஒரு பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டாரு. தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிட வச்சான், மறுபடி தூங்கினாரு, மறுபடி எழுப்பி சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் ரொம்ப அதிகம்னு சொன்னான். பேச்சு எல்லாம் அப்புறம், ஓரேப் மலைக்குப் போய்தான். நான் வார்டுல இதைத்தான் கண்ணால பார்க்குறேன், பேஷண்டை விட கூட நிக்கிறவங்க முதல்ல விழுந்துடுறாங்க, யாரும் அவங்களை சாப்டியான்னு கேக்குறதில்ல. நீங்க ஒழுங்கா தூங்குறீங்களா அண்ணா? ஜெபத்துல வார்த்தை வராததுக்குப் பாதிக் காரணம் அதுவாக் கூட இருக்கலாம். அவங்க நாலு மணி நேரம் மெஷின்ல இருக்கும்போது நீங்க அங்கேயே உக்காந்து போனைப் பார்க்காம ஒரு மணி நேரமாவது எங்கயாவது சாஞ்சு தூங்குங்க, நாங்க பார்த்துக்குவோம், அதுக்குத்தானே நாங்க இருக்கோம்.

கேள்விக்காரன்:

நான் இப்ப சர்ச்சுக்குப் போறதில்ல. சண்டைக்கு வரல, நிஜமாவே கேக்குறேன். புலம்பினாலும் பதில் இல்ல, துதிச்சாலும் பதில் இல்ல, எழுபது வருஷம் ஆகும், அதுக்குள்ள செத்துருவீங்க, ஆனா என் நினைவுகள் நல்லதுன்னா இதை வச்சிட்டு என்ன செய்யுறது? எங்க அம்மாவுக்காக நான் பண்ணாத உபவாசம் இல்ல. பதில் வரலன்னா உன்கிட்ட கொறைன்னு சொல்றாங்க, வந்துட்டா தேவன் செஞ்சாருங்குறாங்க. இதுல யோபு கஷ்டப்பட்டப்ப அவன்கிட்டதான் கொறைன்னு சொன்ன சினேகிதங்க மாதிரிதான் எல்லாரும் பேசுறாங்க.

சீயோன்மகள்:

கேள்விக்காரன் தம்பி, அம்மாவுக்காக நீ பண்ணின ஜெபத்துல கொறை ஒண்ணும் இல்லப்பா. இதை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உறுதியாச் சொல்லுவேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு கூட இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும்னு வேர்வை இரத்தத் துளியா விழ ஜெபிச்சாரு, பாத்திரம் நீங்கல. யாருக்கு அங்க விசுவாசம் கொறஞ்சுது? பவுல் தன் சரீரத்துல இருந்த முள்ளு மாதிரி ஒரு வேதனைக்காக மூணு தடவ கெஞ்சினாரு, முள்ளு போகல, என் கிருபை உனக்குப் போதும்னுதான் வந்துச்சு. துரோப்பீமுவை மிலேத்துல வியாதியா விட்டுட்டு வந்தேன்னு 2 தீமோத்தேயு 4:20ல பவுல் ஒரு வரியில எழுதிட்டுப் போறாரு, சுகமாக்குற வரம் இருந்த மனுஷன், ஒரு விளக்கமும் குடுக்கல, அவனுக்கு விசுவாசம் இல்லன்னும் எழுதல.

யோபுவோட சினேகிதங்களைச் சொன்னியே, அவங்க முதல்ல நல்லதுதான் செஞ்சாங்க, ஏழு ராத்திரி ஏழு பகல் பேசாம கூட உக்காந்திருந்தாங்க. வாயைத் திறந்தப்பதான் கெட்டுச்சு. கடைசில தேவன் அவங்களைப் பார்த்து யோபு பேசின மாதிரி நீங்க என்னைப்பத்தி நிதானமாப் பேசலன்னு சொல்றாரு. யோபு என்ன பேசினான்? நான் பொறந்த நாள் அழியட்டும்னு பேசினான், என்கூட வழக்காட வாரும்னு பேசினான். தேவனுக்காக வக்காலத்து வாங்கினவங்க தப்பாப் போனாங்க, தேவனோட சண்டை போட்டவன் சரியாப் போனான். ஆனா ஏன் இப்படி நடந்துச்சுன்னு யோபுவுக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லவே இல்ல, அதையும் மறைக்கக் கூடாது. எனக்கும் யாரும் சொல்லல. என் வீட்டுக்காரரு போனப்ப சர்ச் முழுக்க உபவாசம் இருந்துச்சு, அவரு பொழைக்கல.

அப்ப இதை வச்சிட்டு என்ன செய்யுறதுன்னு கேட்டியே. எனக்கு விளக்கம் கிடைக்கலப்பா, ஆனா வலிக்கு வெளியில நின்னு பாக்குற தேவனை நான் கும்பிடல. செத்துப்போன லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு கல்லறை முன்னாடி கண்ணீர் விட்டாரு. சிலுவையில 22வது சங்கீதத்தோட முதல் வரியை, ஏன் என்னைக் கைவிட்டீர்ங்குற அந்த வரியைத்தான் கத்தினாரு. நான் ராத்திரி அழுதப்ப அந்த வரியை எனக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லியிருக்காருங்குறதுதான் என்னைத் தாங்குச்சு. அப்புறம் மூணாம் நாள்னு ஒண்ணு இருக்கு. அவரு சரீரத்தோட உயிரோட எழுந்திருச்சதை நான் நம்புறேன், அது நடக்கலன்னா எங்க விசுவாசம் வீண்னு பவுலே 1 கொரிந்தியர் 15ல சொல்லிட்டாரு. அது நடந்துச்சுன்னா என் வீட்டுக்காரரோட கதை அந்த ஆஸ்பத்திரி ரூமோட முடியல. கஷ்டத்தைச் சின்னதாக் காட்டுற பார்வை எனக்கு வேணாம், அது பெருசுதான். கஷ்டம்தான் கடைசின்னு நெனைக்காத பார்வை போதும்.

தேடும்மனசு தம்பி, உனக்கு ஒண்ணு. மாற்கு 2ல திமிர்வாதக்காரனை நாலு பேரு தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குனாங்களே, அங்க இயேசு "அவர்கள் விசுவாசத்தை"க் கண்டாருன்னு போட்டிருக்கு. தூக்கிட்டு வந்தவங்க விசுவாசம். உனக்கு ஜெபம் வரலன்னா வரவேணாம்ப்பா, கொஞ்ச நாள் நாங்க தூக்குறோம். அதுக்குத்தான் சபைன்னு ஒண்ணு வச்சிருக்காரு.

செபமாலை:

நான் கத்தோலிக்கன், இங்க அதிகம் எழுதுறதில்ல. சொந்த வார்த்தை வரலன்னா மத்தவங்க எழுதி வச்ச வார்த்தையை எடுத்துக்கலாம், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. எங்க செபங்கள் முக்காவாசி அப்படித்தான், அப்பாவோட சாவுக்கு அப்புறம் ரொம்ப நாள் எனக்குன்னு ஒரு வரி வரல, பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையேன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்திருவேன். மனசு பின்னாடி வந்துச்சு, வாய் முன்னாடி போச்சு.

இன்னொண்ணு, அன்னை தெரசா 1997ல இறந்தாங்க, 2007ல அவங்க கடிதங்கள் புத்தகமா வந்தப்ப நிறையப் பேருக்கு அதிர்ச்சி. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், நடுவுல கொஞ்ச காலம் தவிர, கடவுள் பக்கத்துல இருக்காருங்குற உணர்வே இல்லாமத்தான் அவ்வளவு வேலையும் செஞ்சிருக்காங்க. காலையில எழுந்து பூசைக்குப் போனாங்க, நோயாளிங்ககிட்ட போனாங்க. உணர்வு இல்லாததை அவங்க விசுவாசம் இல்லன்னு எடுத்துக்கல. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு நிஜமாவே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

பழையஏற்பாடு:

செபமாலை சொன்னதோட இதையும் சேர்த்துக்கிறேன். இங்கிலாந்துல வில்லியம் கூப்பர்னு ஒரு கவிஞர், 1731ல பொறந்து 1800ல இறந்தாரு, இன்னைக்கும் சபைகள்ல பாடுற கீர்த்தனைகளை எழுதினவரு. 1773ல மனசு ஒடைஞ்சு தேவன் தன்னைத் தள்ளிட்டாருன்னு முடிவு பண்ணிட்டாரு, சாகுற வரைக்கும் அந்த எண்ணம் முழுசாப் போகல. அவரோட பாஸ்டர் ஜான் நியூட்டன், அடிமைக் கப்பல்ல இருந்து மனந்திரும்பின அதே நியூட்டன், அவரைத் தன் வீட்டுலயே ஒரு வருஷத்துக்கும் மேல வச்சுப் பார்த்துக்கிட்டாரு. உனக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லி அனுப்பல. கூப்பரோட கதையில சாட்சி சொல்ற மாதிரி ஒரு முடிவு கிடையாது, ஆனா நியூட்டன் செஞ்சது எந்த சாட்சிக்கும் கொறஞ்சதில்லன்னு நான் நெனைக்கிறேன். நம்ம கூட்டங்கள்ல சுகமானவங்களுக்கு மட்டும்தான் மைக் கிடைக்குது, இன்னும் சுகமாகாம ஆண்டவரைப் புடிச்சிட்டு இருக்குறவங்களுக்கும் குடுக்கணும். எபிரெயர் 11ல பட்டயத்துக்குத் தப்பினவங்களும் பட்டயத்தால செத்தவங்களும் ஒரே லிஸ்ட்லதான் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் விசுவாசம்னுதான் பேரு.

கேள்விக்காரன்:

அக்கா, பதில் சொன்னதுக்கு நன்றி. ஒத்துக்கிட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா அம்மா விஷயத்துல கொறை என்கிட்ட இல்லன்னு ஒரு விசுவாசி வாயால கேக்குறது இதுதான் முதல் தடவ. மாற்கு 9ல அந்தப் பையனோட அப்பா "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்"னு சொல்லுவாரே, அதுல ரெண்டாவது பாதி வரைக்கும் என்னால சொல்ல முடியும்.

சீயோன்மகள்:

அந்த அப்பா சொன்னதும் ஆண்டவர் பையனைச் சுகமாக்கிட்டாரு, முதல் பாதியை நல்லாச் சொல்லிட்டு வான்னு திருப்பி அனுப்பல தம்பி. யோவான் ஸ்நானகனும் ஜெயில்ல இருந்து வருகிறவர் நீர்தானான்னு ஆள் அனுப்பிக் கேட்டாரு, அந்த ஆளுங்க போனதும்தான் இயேசு ஸ்திரீகள்ல பொறந்தவங்கள்ல யோவானை விடப் பெரியவன் இல்லன்னு ஜனங்ககிட்ட சொல்றாரு. அம்மா பேரைச் சொல்லாட்டியும் பரவால்ல, நான் ஜெபத்துல நெனச்சுக்கிறேன்.

தேடும்மனசு:

எல்லாத்தையும் ரெண்டு மூணு தடவ படிச்சிட்டேன். நர்ஸ் தங்கச்சி, டாக்டர்கிட்ட சொன்னேன், இரத்தம் கொறஞ்சிருக்குன்னு ஊசி ஆரம்பிச்சிருக்காங்க, மனசுக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க, அவளும் சரின்னு சொன்னா. நான் எதிர்பார்க்கல.

நேத்து மெஷின்ல இருக்கும்போது 88வது சங்கீதத்தை அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். முடிச்சதும் இது நெஜமாவே பைபிள்ல இருக்கான்னு கேட்டா, புத்தகத்தை வாங்கி அவளே ஒரு தடவ பார்த்தா. அப்புறம் எனக்கு இது புடிச்சிருக்குன்னு சொன்னா. வேற ஒண்ணும் பேசல, நானும் பேசல. எனக்கு ஜெபம் இன்னும் வரல. அவளோட சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் வாசிக்கலாம்னு இருக்கோம், வர்ற வரைக்கும் அதுதான் எங்க ஜெபம்.

ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். அடுத்த வாரம் ஜெபக்குழுவுல இருந்து வீட்டுக்கு வர்றேன்னு சொல்றாங்க, நல்ல மனுஷங்கதான், ஆனா சர்ச்ல அவகிட்ட அப்படிச் சொன்னவரும் அதுல இருக்காரு. வேணாம்னு சொன்னா சபையை விட்டு விலகுற மாதிரி ஆயிடும், வரச் சொன்னா அவ மறுபடி உள்ள போயிடுவாளோன்னு பயம். என்ன செய்யலாம்?

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

முதல்ல அண்ணிகிட்ட கேளுங்க, அவங்க வேணாம்னா வேணாம்தான், அதுக்குக் காரணம் கூட யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. டயாலிசிஸ் அன்னைக்கு யாரையும் வரச் சொல்லாதீங்க, மறுநாள்னா கொஞ்சம் தெம்பா இருப்பாங்க. பதினஞ்சு நிமிஷம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

சீயோன்மகள்:

அவருகிட்ட தனியா பேசுப்பா, குழுவுக்கு முன்னாடி வேணாம். நீங்க சொன்ன வார்த்தை இவளுக்கு வலிச்சிருக்குன்னு நேராச் சொல்லு, மத்தேயு 18ல சொன்ன மாதிரி நீயும் அவரும் தனிச்சிருக்கையில. மத்தவங்ககிட்ட வந்து ஒரு சங்கீதம் வாசிச்சிட்டு, ஜெபம் பண்ணிட்டு, புத்திமதி சொல்லாம போகணும்னு கேட்டுக்கோ. அழுகிறவர்களுடனே அழுங்கன்னு ரோமர் 12:15ல இருக்குறதைக் காட்டு.

ஜெயக்கொடி:

பிரதர் அவங்க யாராவது வேலைக்குச் சொல்லி வைக்கக் கூடியவங்களான்னும் கேட்டுப் பாருங்க. நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு எனக்குத் தனியா எழுதுங்க, வீட்ல இருந்தே செய்யுற மாதிரி ஏதாவது இருந்தா நானும் விசாரிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வாரத்துல ஒரு நாளாவது யாராவது வண்டி எடுத்துட்டு வர முடியுமான்னு குழுவுல கேளுங்க, கேக்கத் தயங்காதீங்க.